கண்காணியும் ஜாமக்காரனும்: விழித்திருத்தல் பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் பிஷப்புக்குப் பெயர் கண்காணி. கிரேக்க மூலத்தில் உள்ள 'எபிஸ்கோபோஸ்' என்ற சொல்லுக்கு மேலே நின்று பார்த்துக்கொள்கிறவன் என்று அர்த்தம். அந்த வகையில் மொழிபெயர்ப்பில் தப்பு ஒன்றுமில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதையே கொஞ்சம் மரியாதை கூட்டி 'சபைக் கண்காணிப்பாளர்' ஆக்கியது. ஆனால் 1871இல் பவர் குழுவினரின் விவிலியம் அச்சாகி வந்த காலத்தில், சேரிகளை விட்டுக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறொரு ஆளைத்தான் காட்டியிருக்கும். இலங்கை மலையகத்துக்கும் மலேயாவுக்கும் ஆள்பிடித்துக் கொண்டுபோனவன், முன்பணம் கொடுத்துக் கடனில் மாட்டியவன், விடியுமுன் பிரட்டுக்கு எழுப்பியவன், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டவன் அவன்தான்: கங்காணி. பர்மாவில் அதே வேலையைச் செய்தவனை மேஸ்திரி என்றார்கள். 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். ஆக, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மேலே நின்று பார்க்கிறவன் யார் என்பதை யாரும் அகராதி பார்த்துச் சொல்லவேண்டியதில்லை.

சபைக்கும் தோட்டத்துக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயல் என்று விட்டுவிடலாம். நான் விட விரும்பவில்லை. அந்தச் சொல்லுக்குள் பார்வையின் திசை ஒன்று இருக்கிறது. கண்காணியின் கண் எப்போதும் உள்முகமாகத் திரும்பியிருக்கிறது. தொழிலாளி மேல், விசுவாசி மேல், மந்தை மேல். வெளியிலிருந்து என்ன வருகிறது என்பதைவிட உள்ளே எவன் ஒழுங்கு தவறினான் என்பதே அவனுக்கு முக்கியம்.

அதே விவிலியத்தில் இன்னொரு ஆள் இருக்கிறான். ஏசாயாவில் அவன் பெயர் ஜாமக்காரன், எசேக்கியேலில் காவற்காரன். அவன் மதில்மேல் நிற்கிறான். முதுகு ஊரைப் பார்த்து இருக்கிறது, முகம் இருட்டைப் பார்த்து. எசேக்கியேல் சொல்கிற விதி கறாரானது: பட்டயம் வருவதைக் கண்டும் அவன் எக்காளம் ஊதாமலிருந்தால், செத்தவனின் ரத்தப்பழி அவன் தலையில் விடியும். எசேக்கியேல் இதைப் பிற்பாடு துன்மார்க்கனை எச்சரிக்கும் கடமை வரைக்கும் நீட்டுகிறார், உண்மைதான். அங்கேயும் அவன் செய்யக்கூடியது எச்சரிப்பது மட்டுமே. அவனுடைய தோல்விக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது. ஊராருடைய ஒழுக்கத்துக்குக் கணக்கு எழுதும் பேரேடு அவன் கையில் தரப்படவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவத்தில் 'விழித்திருத்தல்' என்று சொல்லப்படுவது இந்த இரண்டு ஆட்களுக்கும் நடுவே கிழிபட்டுக் கிடக்கிறது என்பதே இந்தக் குறிப்புகளின் வாதம். காலம் கெட்டுப்போச்சு என்று எல்லாப் பீடங்களிலிருந்தும் சத்தம் வருகிறது. கெட்ட காலத்தில் விழித்திருப்பது எப்படி, எது நல்ல ஆவி எது கெட்ட ஆவி என்று பகுத்துப் பார்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் வியாசர்பாடியில் நின்று கேட்டால் இறையியலோடு நிற்பதில்லை. அவை கூலி, சாதிச் சான்றிதழ், மூச்சுக்காற்று வரைக்கும் போய்விடுகின்றன.

2

வடசென்னையில் இரவு ஒருநாளும் ஓய்வுக்கான நேரமாக இருந்ததில்லை. துறைமுகம், கன்டெய்னர் லாரிகள், மணலி, எண்ணூர் ஆலைகளின் ஷிப்ட் என்று இங்கே இரவு உழைப்பின் நேரம். பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. சங்கு நின்றது, தூக்கம் திரும்பி வரவில்லை. இந்த இரவுக்குள்ளேதான் வியாசர்பாடிச் சந்துகளில், ஷீட் போட்ட சிறு சபைகளில், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபங்கள் நடக்கின்றன.

அப்படி ஒரு சபைக்கு வழக்கமாகப் போகிற ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, விடியவிடிய உட்கார்ந்திருக்க முடிகிறதா என்று கேட்டேன். "கண்ணு முழிக்கிறது எங்களுக்கு இன்னா தம்பி புதுசா? கம்பெனிக்கு முழிச்சோம், தண்ணி லாரிக்கு முழிச்சோம், குடிச்சிட்டு வர்றவனுக்கு முழிச்சோம். இங்கதான் எனக்கோசரம் முழிக்கிறேன்" என்றார். மதத்தை அபின் என்று சொல்லி முடித்துவிடுகிற நண்பர்கள் இந்த வாக்கியத்தை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அபின் தூங்க வைக்கும். இந்த அம்மா பேசுவது தூக்கத்தை விலைக்குக் கொடுத்து வாங்கிய, தனக்கே தனக்கான ஒரு விழிப்பைப் பற்றி. வேறு யாருக்காகவோ கண் முழித்த உடம்பு வாரத்தில் ஒரு இரவைத் தன் பேரில் எழுதிக்கொள்கிறது.

இந்த வழக்கத்தின் வம்சாவளியும் உழைக்கிற உடம்புகளோடு சேர்ந்ததுதான். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் 1733இல் ஆண்டிறுதி இரவில் விழித்திருந்தார்கள். 1740களில் ஜான் வெஸ்லி பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டார். சாராயக் கடையில் கழிந்துகொண்டிருந்த இரவுகளை அவர்களாகவே ஜெபத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதை வேண்டாம் என்று அவரிடம் சொன்னவர்கள் இருந்தார்கள். வெஸ்லி அதை முறைப்படுத்தி எடுத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை, பௌர்ணமிக்கு நெருக்கமான வெள்ளிக்கிழமையில் வைத்தார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்துபோக நிலா வெளிச்சம் வேண்டும் என்பது காரணம். இறையியலைவிட இந்த நிலா வெளிச்சம் எனக்கு அதிகம் சொல்கிறது. விளக்கு வைத்திருக்காதவர்களின் வழிபாடு அது.

அடுத்தது 1862 டிசம்பர் 31. அமெரிக்காவின் கறுப்பர்கள், அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும், கோயில்களில் கூடி நள்ளிரவுக்காகக் காத்திருந்தார்கள். விடிந்தால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரவேண்டும். அந்த இரவில் அவர்கள் காத்திருந்தது ஓர் அரசாங்கக் காகிதத்துக்காக. மீட்பும் காகிதமும் அங்கே எதிர் எதிராக நிற்கவில்லை. இன்றைக்கும் கறுப்பினச் சபைகளில் ஆண்டிறுதி விழிப்பு இரவுக்கு அந்த நினைவு இருக்கிறது.

நம் ஊர் டிசம்பர் 31க்கும் ஒரு காகிதம் உண்டு. பன்னிரண்டு மணி தாண்டியதும் கையில் கிடைக்கிற வாக்குத்தத்த அட்டை. ஆளுக்கு ஒரு வசனம். பெரும்பாலும் உயர்வு, ஆசீர்வாதம், சத்துருவின் வீழ்ச்சி பற்றியது. அதை மணிபர்சில் வைத்து வருஷம் முழுக்கக் காப்பாற்றுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். வீட்டில் வேறு எந்தக் காகிதமும் நல்ல சேதி சொல்லாதபோது அந்த அட்டை சொல்கிறது. ஆனாலும் அமைப்பு என்ற வகையில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விழிப்பு இரவு என்பது நியாயத்தீர்ப்பின் இரவு. வருகிறவரின் முன்னால் எல்லாரும் சேர்ந்து நிற்கிற இரவு. அட்டை அதைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு வந்த வசனம் அவருடைய பாக்கியம், எனக்கு வந்தது என்னுடையது. கூட்டாகக் காத்திருந்தவர்கள் தனித்தனி ரசீதோடு கலைகிறார்கள். 1862இன் காகிதம் எல்லாருக்கும் ஒன்றே என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

3

பவுல் வரங்களைப் பட்டியலிடும் இடத்தில் ஆவிகளைப் 'பகுத்தறிதல்' என்று ஒன்று வருகிறது. தமிழ் படித்தவன் இந்தச் சொல்லில் தடுக்கி நிற்காமல் போக முடியாது. பெரியார் 1930களில் 'பகுத்தறிவு' என்றே ஒரு ஏடு நடத்தினார். கடவுள் மறுப்பின் கொடியில் எழுதப்பட்ட அதே வினை கடவுளின் வரங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. இரண்டு முகாமும் இதைப் பேசியதில்லை என்பது ஆச்சரியந்தான். ஒருபக்கம் பகுத்தறிந்தால் ஆவி இல்லை என்று தெரியும் என்றது. மறுபக்கம் ஆவியைப் பகுத்தறிய போதகர் போதும் என்றது. சாதாரண விசுவாசி பகுத்தறிவான் என்ற எண்ணம் இரண்டிலுமே பலவீனம்.

கத்தோலிக்க மரபில் இதற்குத் 'தேர்ந்து தெளிதல்' என்று பேர். குறளில் தெரிந்து தெளிதல் என்றொரு அதிகாரம் இருப்பதை நினைவில் வைத்து ஆக்கிய சொல்லாக இருக்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கு விதிகள் எழுதினார். அந்த விதிகளில் கூர்மையானது இது: ஆறுதல் தருவதெல்லாம் கடவுளிடமிருந்து வருவதல்ல. தீமையில் நடந்துகொண்டிருப்பவனுக்குக் கெட்ட ஆவி சுகத்தைக் காட்டும், நல்ல ஆவி குத்தும். நன்மையை நோக்கி நடப்பவனிடத்தில் கெட்ட ஆவி ஒளியின் தூதன் வேஷத்தில் வரும். எனவே ஒரு எண்ணத்தின் தொடக்கத்தை மட்டும் பார்க்காதே, நடுவையும் முடிவையும் பார் என்கிறார். செழிப்பு உபதேசம் ஒவ்வொரு சுகத்தையும் தேவ சித்தம் என்று முத்திரை குத்துகிற இந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய சந்தேகத்தைக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது!

இந்த விதியை வியாசர்பாடிக்கு அடுத்த தெருவில் வைத்துச் சோதிக்கலாம். 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. அதன் முன்னணியில் இருந்தார். வெஸ்லி பெயர் தாங்கிய பள்ளியில் படித்து அங்கேயே தமிழாசிரியராக இருந்தவர், பிற்காலத்தில் 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' எழுதியவர் அவர். 1921இல் பின்னி ஆலைகளில் வேலைநிறுத்தம் வெடித்து மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரும் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. ஆகஸ்ட் 29இல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சங்கம் தோற்றது. நீதிக்கட்சிக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் நடுவே விழுந்த விரிசல் மூடவேயில்லை; எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார்.

தொழிற்சங்க வரலாற்றில் வேலைக்குத் திரும்பியவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது: கருங்காலி. நான் இந்தப் பெயரை எடுத்துவிட்டு அவன் எதிரே நின்ற ஆவிகளைப் பார்க்கச் சொல்கிறேன். ஒருபக்கம் வெள்ளைக் கம்பெனி. அது பாதுகாப்பு தருகிறது, வேலை தருகிறது, ஆறுதல் சொல்கிறது. ஆனால் அதன் முடிவு எதில் என்று இஞ்ஞாசியாரைக் கேட்டால் சொல்லிவிடுவார்: தொழிலாளியை இரண்டாகப் பிளந்து இருவரையும் மலிவாக வாங்குவதில். இன்னொரு பக்கம் சங்கம். அதன் கோரிக்கை நியாயம், தொடக்கம் நல்லது. ஆனால் அந்த நியாயம் புளியந்தோப்புச் சேரி வாசலுக்கு வரும்போது சாதி இந்துவின் முகத்தோடு வருகிறது. இரண்டுமே ஒளியின் தூதன் வேஷத்தில் நிற்கும்போது, ரொட்டிக்கும் மரியாதைக்கும் நடுவே நிற்கிறவன் எதைத் தேர்ந்து தெளிவான்?

அவன் சரியாகத் தெளிந்தான் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவனும் விழித்திருந்தான், யோசித்தான், ஒரு முடிவெடுத்தான் என்பதை ஒப்புக்கொள்ளாத எந்த வரலாறும் கண்காணியின் பேரேடுதான் என்கிறேன். பகுத்தறிதல் என்பது சுத்தமான கைகளோடு இரண்டு பாதைகளில் ஒன்றைப் பொறுக்குவதல்ல. இரண்டு பாதையும் கறைபட்டிருக்கும்போது யாருடைய பயத்தை முதலில் கணக்கில் எடுப்பது என்று கேட்பது. 1921இல் சங்கம் இந்தக் கேள்வியைச் சேரியிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். அந்தத் தவறுக்கு விலையைச் சேரியும் கொடுத்தது, சங்கமும் கொடுத்தது.

4

இந்தியாவில் ஆவிகளைப் பகுத்தறிகிற இன்னொரு நிறுவனம் உண்டு. அதற்குத் தாசில்தார் ஆபீஸ் என்று பெயர்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். தீண்டாமை அவரைப் பின்தொடர்கிறது, சட்டப் பாதுகாப்பு பின்தங்கிவிடுகிறது.

இந்தச் சட்டத்தின் முக்கியமான வழக்கு சென்னை நடைபாதையிலிருந்து போனது. ராயபுரத்துக்குத் தெற்கே, ரத்தன் பஜாரும் என்.எஸ்.சி. போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. 1982இல் சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசுத் திட்டத்தில் இலவசமாகப் பங்க் கொடுத்தார்கள். சூசைக்குக் கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர். 1985இல் உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதே வெயில், அதே தோல், அதே ஊசி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழிலாளிக்கும் சூசைக்கும் வித்தியாசம் ஞானஸ்நானத் தண்ணீர் மட்டும்.

2024 நவம்பர் 26இல் வந்த தீர்ப்பு இதன் அடுத்த கட்டம். புதுச்சேரியில் அரசு வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு. அவர் தன்னை இந்து என்றார். ஞானஸ்நானப் பதிவையும், கோயிலுக்குப் போய்வந்ததையும், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையையும் வைத்து நீதிமன்றம் அவர் கிறிஸ்தவரே என்று முடிவுக்கு வந்தது. உண்மையான நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. கவனியுங்கள்: உள்ளத்தில் எந்த ஆவி குடியிருக்கிறது என்று சோதிக்கும் வேலை கிராம நிர்வாக அலுவலரின் குறிப்பேட்டுக்கு வந்துவிட்டது. 2002 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் இதே தர்க்கம்தான். மதமாற்றச் சடங்கை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. தர்க்கம் விலகவில்லை.

ஃபூக்கோ மேய்ப்பன் அதிகாரம் என்று சொன்னது இங்கே விளங்குகிறது. ஒவ்வொரு ஆட்டையும் பெயர் சொல்லி அறிந்து, அதன் உள்ளத்தைத் தெரிந்துகொண்டு, அதன் நன்மைக்காகவே அதை ஆளுகிற அதிகாரம். சபையில் பழகிய அந்த முறையை நவீன அரசு எடுத்துக்கொண்டது என்பார் அவர். நம் சூழலில் இது ஒரு விசித்திர வடிவம் எடுக்கிறது. இங்கே அரசு மேய்ப்பனாக வருவது ஆட்டை மந்தையிலிருந்து கழிப்பதற்காக. இதன் விளைவு, சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக இரண்டு வாழ்க்கை. போதகருக்கு அது அரைகுறை விசுவாசம், அதிகாரிக்கு அது மோசடி. இரண்டு கண்காணிகளும் ஒரே உடம்பை இரண்டு பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.

திருச்சபை இதில் பாதிக்கப்பட்ட தரப்பு மட்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் நின்றது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். மோதலில் போலீஸ் சுட்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னால் சூசை தோற்கிறார், இருக்கிறது என்று சொன்னால் சபை தலைகுனிகிறது. பல பத்தாண்டுகளாக ஆயர்கள் இரண்டையும் மாற்றிமாற்றிச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. பட்டயம் வருவதைக் கண்டு ஊத வேண்டிய இடத்தில் எத்தனை பீடங்கள் ஊதின என்பது அந்தந்தச் சபையார் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது.

5

இந்த இடத்தில் பாமாவின் 'கருக்கு' (1992) பற்றிப் பேசாமல் போகமுடியாது. அதை தலித் தன்வரலாறு என்று வாசித்தோம், மொழிக்காக வாசித்தோம், பெண்ணெழுத்து என்று வாசித்தோம். தேர்ந்து தெளிதலின் பிரதியாக வாசித்தது குறைவு. கன்னியர் மடத்தின் அன்றாட ஒழுங்கில் ஆன்மச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. நாள் முடிவில் உட்கார்ந்து, இன்றைக்கு நான் எங்கே வழுவினேன், எந்த ஆவி என்னை நடத்தியது என்று தன்னையே விசாரிப்பது. கண்காணியை வெளியே நிறுத்தத் தேவையில்லாதபடி உள்ளே குடியேற்றும் உத்தி என்று இதைச் சொல்லலாம். ஃபூக்கோவை வாசித்தவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் 'கருக்கு' என்ன செய்கிறது? அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்து மடத்தின் மேல் திருப்புகிறது. ஏழைகளுக்காக வாழ்கிறோம் என்று வாக்குக் கொடுத்த வீட்டில் சாப்பாடு எப்படி இருக்கிறது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றி என்ன பேசுகிறார்கள், இங்கே எனக்குக் கிடைக்கிற சௌகரியம் எந்த ஆவியிடமிருந்து வருகிறது? சௌகரியத்தைச் சந்தேகி என்ற இஞ்ஞாசியாரின் விதியை அந்தப் பெண் மடத்தைவிடக் கறாராகப் பின்பற்றுகிறாள், பின்பற்றியதால் மடத்தை விட்டு வெளியே வருகிறாள். முன்னுரையில் பனங்கருக்கின் இரு பக்கக் கூர்மையையும் எபிரெயர் நிருபத்தின் இருபுறமும் வெட்டும் வாளையும் பாமா சேர்த்து வைத்தது சும்மா அல்ல. அவர் கிறிஸ்தவத்தை வெளியிலிருந்து தாக்கவில்லை. அதன் விழிப்பைத் தன் சாதிப் பெண்ணின் கண்ணால் நடத்திக் காட்டினார்.

இதனால்தான் ஒப்புக்கொடுத்தல், சுயசோதனை, விழிப்பு எல்லாமே அதிகாரத்தின் கருவிகள் என்று ஒரே வீச்சில் முடிப்பதை நான் ஏற்கவில்லை. கருவி யார் கையில், பார்வை எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. சேலத்திலிருந்து 'ஜாமக்காரன்' என்ற பெயரிலேயே ஒரு கிறிஸ்தவ இதழ் பல ஆண்டுகள் வந்தது. கள்ள உபதேசங்களையும் திருச்சபை நிர்வாகத்தின் ஊழல்களையும் பெயர் சொல்லித் தாக்கியது. அதன் கோட்பாட்டுப் பிடிவாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விசுவாசிகளை நோக்கியிருந்த டார்ச்சைப் பீடத்தின் பக்கம் திருப்பலாம் என்று அது சாதாரண வாசகருக்குச் சொல்லிக்கொடுத்தது.

6

2023 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் கொரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. நள்ளிரவை ஒட்டி மீனவக் குப்பங்கள் மூச்சு முட்டி எழுந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதே மாதந்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்திருந்தது. காவலுக்கென்று சட்டப்படி வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். ஜனங்களை எழுப்பியது அவர்களுடைய மூக்குதான். ஆலையை மூடச் சொல்லி அந்தக் குப்பத்துப் பெண்கள் பந்தலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

கெத்செமனேயில் இயேசு சீஷர்களிடம் கேட்டதை இந்த இரவின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அவர் அவர்களை ஒருவரை ஒருவர் வேவு பார்க்கச் சொல்லவில்லை. உலகம் எப்போது அழியும் என்று கணக்குப் போடச் சொல்லவுமில்லை. சாகப்போகிறவன் ஒருவன் பயந்துபோய், தன் கூட ஒரு மணிநேரம் விழித்திருக்கச் சொன்னான். அவர்கள் தூங்கினார்கள். போன்ஹோஃபர் 1944 ஜூலையில் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டார். மதக்காரன் கடவுளிடம் எதிர்பார்ப்பதற்கு நேர் தலைகீழ் இது, துன்பப்படும் கடவுளின் பக்கத்தில் நிற்க மனுஷன் கூப்பிடப்படுகிறான் என்பது அவர் வாதம். அடுத்த ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். விழித்திருத்தல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. யார் வதைபடுகிறாரோ அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற திசையில் கண்ணை வைப்பது. இத்தாலியிலிருந்து வந்த சலேசியத் துறவி ஓர்ஃபியோ மாந்தோவானி 1960களில் வியாசர்பாடியில் 'பீட்டிட்யூட்ஸ்' மையத்தைத் தொடங்கினார். ஏழைகளையும் பாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொன்ன மலைப்பொழிவுதான் அந்தப் பெயர். அந்தப் பெயரையும் நாம் தொண்டு என்ற கணக்கில் எழுதி மூடிவிட்டோம். தொண்டுக்குக் கை போதும். அந்தப் பெயர் கேட்பது பார்வையின் இடமாற்றத்தை.

கடைசியாக, இந்தப் பக்கங்களை வாசிக்கிற இயக்க நண்பர்களுக்கு ஒன்று. கண்காணி பீடத்தில் மட்டும் இல்லை. தோழர் யாரோடு டீ குடித்தார், எந்தப் பத்திரிகையில் எழுதினார், யார் திருமணத்துக்குப் போனார் என்று குறித்துவைக்கிற கண் நம் அமைப்புகளிலும் உண்டு. 1921இன் கருங்காலி என்ற வார்த்தை இன்னும் கைவசம் தயாராக இருக்கிறது. முழு இரவு ஜெபத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து ஏமாளி என்று சொல்வதற்கு முன், எண்ணூர் பந்தலில் நாம் எத்தனை இரவு உட்கார்ந்தோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வியாசர்பாடிச் சபைகளிடம் கேட்க வேண்டியது இதைவிடக் குறைவு, ஆனால் கஷ்டமானது. ஒரு போதகர் தன் விசுவாசியிடம், உன் சான்றிதழில் என்ன மதம் போட்டிருக்கிறது என்று கேட்டால் அவர் கண்காணி. அந்தக் கேள்வியை விசுவாசியிடம் கேட்காமல், ஏன் அவள் இரண்டு பெயரோடு வாழவேண்டியிருக்கிறது என்று அரசையும் ஆயரையும் கேட்டால் அவர் ஜாமக்காரன். வருகிற டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்த அட்டையைக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்கி, 1950 ஆணை என்ன சொல்கிறது, சூசைக்கு ஏன் பங்க் கிடைக்கவில்லை, எண்ணூர் குழாயில் என்ன போகிறது என்று விளக்கு அணைக்காமல் சபைக்குச் சொல்லட்டும். எல்லாரும் முழித்திருக்கிற நேரம் அது.